வாக்கி டாக்கிக்கு எத்தனை கையெழுத்து?

2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிகத் தளங்களைச் சல்லடை போட்டுச் சலித்தது. எந்த அலைவரிசையில் இயங்கும், உரிமம் வேண்டுமா வேண்டாமா என்ற விவரம் சரியாக இல்லாமல் வாக்கி டாக்கிகளை விற்ற 16,970 விளம்பரப் பதிவுகள் சிக்கின. 13 நோட்டீஸ்கள் பறந்தன. விற்பனைக்கான வழிகாட்டு நெறிகளும் வந்தன. சரியான நடவடிக்கைதான். ஆனால், குறுக்கு வழியை அடைக்கும்போது நேர்வழி எந்த லட்சணத்தில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டாமா? புயலில் படகைத் தேடவும் வெள்ளத்தில் ஆளை மீட்கவும் முறைப்படி வயர்லெஸ் வைத்துக்கொள்ள விரும்புகிறவர் எத்தனை தாள்களைத் தாண்டியாக வேண்டும்?

இந்தக் கேள்விக்கு இப்போது அவசரம் உண்டு. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்துக்கும் 1933-ஆம் ஆண்டின் வயர்லெஸ் சட்டத்துக்கும் பதிலாகத் தொலைத்தொடர்புச் சட்டம் 2023 வந்திருக்கிறது. சட்டம் நிறைவேறிவிட்டது, அதன் கீழான விதிகளும் படிவங்களும் ஒவ்வொன்றாக உருவாகிவருகின்றன. படிவம் அச்சாகி, குமாஸ்தாவின் மேசைக்குப் போய்ப் பழகிவிட்டால் பிறகு அதை அசைப்பது கடினம். ஒரு வெள்ளைக்கார அரசு 1933-இல் எழுதிய சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்ததே, அது போதாதா சாட்சிக்கு?

டவர் செத்த பிறகு

எல்லோர் கையிலும் செல்போன் இருக்கும்போது வாக்கி டாக்கி எதற்கு என்று தோன்றலாம். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையில் இருந்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராது. மொட்டை மாடியில் நின்றுகொண்டு போனை வானத்தை நோக்கிப் பிடித்துச் சிக்னல் தேடியவர்கள் எத்தனை பேர்! 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு டெல்டாக்காரர்கள் பட்டபாடு இன்னும் மோசம். உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளவே வண்டி எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

செல்போன் என்பது ஒரு நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி. டவருக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அதன் பிறகு டீசல் வேண்டும். டீசல் கொண்டுவர ரோடு வேண்டும். ரோட்டில் மரம் விழுந்து கிடக்கும். டவர் பிழைத்தாலும் அதற்கு வரும் கண்ணாடி இழை கேபிள் அறுந்திருக்கலாம். எங்கோ ஒரு கண்ணி விட்டால் பேச்சு நின்றது.

வயர்லெஸ் செட்டுக்கு இந்தச் சங்கிலி இல்லை. சார்ஜ் உள்ள இரண்டு செட் இருந்தால் நடுவில் யாருடைய தயவும் வேண்டாம். இன்னொரு வசதியும் உண்டு. காவல் துறையினர் 'மைக்' என்று சொல்லும் அந்தக் கருவியில் ஒருவர் பேசுவது அந்த அலைவரிசையில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். பத்துப் பேருக்குத் தனித்தனியாக டயல் செய்ய வேண்டியதில்லை. பேரிடரில் இது சின்ன விஷயம் அல்ல.

திருவிழா ஒலிபெருக்கி

அப்படியானால் கேட்பவர்க்கெல்லாம் கொடுத்துவிடலாமே? முடியாது. ஊர்த் திருவிழாவில் கோயில் பக்கம் ஒரு கூம்பு ஒலிபெருக்கி, எதிரே நாடக மேடைக்கு ஒன்று என்று கட்டி, இரண்டையும் ஒரே நேரத்தில் அலறவிட்டால் நடுவில் நிற்பவருக்கு எதுவும் புரியாது. அலைக்கற்றையும் அப்படித்தான். ஒரே இடத்தில், ஒரே அலைவரிசையில் இருவர் பேசினால் இருவர் பேச்சும் பாழ். தீயணைப்பு வீரரின் குரல்மீது வாடகைக் கார்காரரின் குரல் ஏறினால் அது வெறும் தொல்லையோடு நிற்காது.

ஆகவே எங்கே, எந்த உயரத்தில், எவ்வளவு சக்தியோடு, எந்த அலைவரிசையில் ஒலிபரப்புகிறீர்கள் என்று அரசு கேட்பது நியாயம். இந்தியாவில் இந்தக் கணக்கை வைத்திருப்பது, தொலைத்தொடர்புத் துறையின் கீழ் 1952 முதல் இயங்கும் வயர்லெஸ் திட்டமிடல், ஒருங்கிணைப்புப் பிரிவு. உயரமான கம்பம் நட வேண்டுமானால், விமானப் பாதைக்கு இடைஞ்சலா, ஏற்கெனவே உள்ள இணைப்புகளை மறைக்குமா என்று பார்க்கத் தனியாக ஒரு நிலைக்குழு இருக்கிறது. இவை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

சிக்கல், கேட்கும் விதத்தில் இருக்கிறது. வழக்கமான நடைமுறையில் அலைவரிசைக்கு ஒரு ஒப்புதல், கம்பம் நிற்கும் இடத்துக்கு ஒரு அனுமதி, கருவியை வைத்திருக்க ஓர் உரிமம், அதை இயக்க இன்னோர் உரிமம், பிறகு புதுப்பித்தல் என்று படிகள் நீளும். ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய அதே தகவல்கள்: அட்சரேகை, தீர்க்கரேகை, கருவியின் மாடல், எண்ணிக்கை, முகவரி. விண்ணப்பங்கள் 'சரள் சஞ்சார்' இணையதளத்துக்கு மாறியிருப்பது முன்னேற்றம். ஆனால், தாளில் இருந்த அதே கேள்விகளைத் திரைக்கு ஏற்றுவதால் கேள்விகளின் எண்ணிக்கை குறைந்துவிடாது.

இதன் சுமை எல்லோர்மீதும் சமமாக விழுவதும் இல்லை. பெரிய தொழிற்சாலைக்கு இதற்கென்றே ஓர் ஆலோசகர் இருப்பார். மாநிலக் காவல் துறைக்குத் தொழில்நுட்பப் பிரிவே உண்டு. கடலோரத்து மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு யார் இருக்கிறார்கள்? ஆண்டெனா ஆதாயம் எத்தனை டெசிபல் என்ற கேள்வியைப் பார்த்ததும் சங்கச் செயலாளர் படிவத்தை மூடிவைத்துவிட்டு, தெரிந்த கடையில் ஒரு செட் வாங்கிவிடுவார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

கேட்காத காதும் கூப்பிட்ட குரலும்

அப்படி வாங்கிய செட் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம்.

கடலில் ஆபத்துக்கால அழைப்புக்கு உலகம் முழுவதும் ஒரு பொது அலைவரிசை உண்டு: 156.8 மெகாஹெர்ட்ஸ், 16-ஆம் சேனல். கப்பல்களும் கடலோரக் காவல் படையும் காது வைத்திருக்கும் இடம் அது. ஆனால், கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் செட்டுகளில் பல, வேறு எங்கெங்கோ இசைக்கப்பட்டவை. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஹாம் ரேடியோ பகுதியில் மீனவர் பேச்சு கேட்கிறது என்று ஹாம்கள், அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வயர்லெஸ் இயக்குபவர்கள், பல ஆண்டுகளாகப் புகார் சொல்லிவருகிறார்கள். ஹாம்களுக்கு அது தொந்தரவு. மீனவருக்கு அது உயிர்ப் பிரச்சினை: அவர் கூப்பிடும் இடத்தில் மீட்பவர் காது இல்லை.

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயலை நினைத்துக்கொள்வோம். கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் விசைப்படகுகள் தங்குகடலுக்குப் போகிறவை. நாள் கணக்கில், வாரக் கணக்கில் கடலிலேயே இருப்பார்கள். லட்சத்தீவைத் தாண்டியும் போவார்கள். படகில் உள்ள வயர்லெஸ் எட்டுவதோ சில பத்துக் கிலோமீட்டர். எச்சரிக்கை கரையில் ஒலித்தபோது அவர்கள் அந்த ஒலியின் எல்லைக்கு அப்பால் இருந்தார்கள். தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஆளை இழந்தன. பல வீடுகளுக்கு உடல்கூட வந்து சேரவில்லை.

ஒக்கியில் பறிபோன உயிர்களுக்கெல்லாம் படிவம்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். தூரம்தான் முதல் காரணம். அதன் பிறகு செயற்கைக்கோள் போன்கள் வந்தன. 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் 364 கோடி ரூபாயில், செயற்கைக்கோள் வழியே செய்தி பரிமாறும் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் மத்திய அரசின் திட்டமும் வந்திருக்கிறது. நல்லது. ஆனால், படகுக்குப் படகு பேசவும், அருகில் போகும் கப்பலைக் கூப்பிடவும் சாதாரண வயர்லெஸ்தான் இன்றும் கைகொடுக்கும். அதைச் சரியான சேனலில், சட்டப்படி வைத்துக்கொள்வதை எளிதாக்காமல் பறிமுதல் மட்டும் செய்தால், மீனவர் செட்டை ஒளித்துவைப்பார். அவ்வளவுதான் நடக்கும்.

போர்ட் பிளேரில் நேர்ந்த தற்செயல்

உரிமம் நேரத்துக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம்மிடமே கதை இருக்கிறது.

அந்தமானில் ஹாம் ரேடியோ இயக்கப் பல ஆண்டுகளாக யாருக்கும் அனுமதி கிடைக்கவில்லை. பாதுகாப்பு முக்கியத்துவம் உள்ள இடம் என்பதால் கோப்பு நகராது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் விடாமல் முயன்று அனுமதி வாங்கினார். 2004 டிசம்பர் தொடக்கத்தில் அவருடைய குழு போர்ட் பிளேரில் ஒரு விடுதியின் மேல் ஆண்டெனாவைக் கட்டி, உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்தது. அரிய இடத்திலிருந்து வரும் அழைப்பைப் பிடிப்பது ஹாம்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. வந்த காரியம் அவ்வளவுதான்.

டிசம்பர் 26 காலையில் நிலம் ஆடியது. கடல் ஊருக்குள் வந்தது. தொலைபேசி இணைப்புகள் அற்றன. பொழுதுபோக்குக்காக வைத்திருந்த அந்த நிலையம், தீவுகளுக்கும் மெயின்லேண்டுக்கும் இடையே செய்தி சுமக்கும் நிலையமாக மாறியது. எங்கள் ஆள் இருக்கிறாரா என்று கேட்ட குடும்பங்களுக்கு அதன் வழியாகப் பதில் போனது.

அந்த அனுமதிக் கடிதம் இன்னும் ஒரு மாதம் ஏதோ ஒரு மேசையில் உறங்கியிருந்தால்? ஒரு நாட்டின் பேரிடர்த் தயார்நிலை இப்படித் தற்செயலில் தொங்கக் கூடாது.

இன்னொரு தேதியையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். பேரிடர் நேரத்தில் தகவல்தொடர்புக் கருவிகள் எல்லை தாண்டி வரும்போது உரிமத் தடைகளைத் தளர்த்த வேண்டும் என்ற சர்வதேச ஒப்பந்தம் 1998-இல் ஃபின்லாந்தின் தாம்பரே நகரில் உருவானது. அது அமலுக்கு வந்தது 2005 ஜனவரி 8 அன்று. சுனாமிக்கு 13 நாள் கழித்து!

அமெரிக்கா கற்ற இரண்டு பாடங்கள்

தாள் குறைந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அமெரிக்காவின் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை.

2002-இல் அங்கே பொதுப் பாதுகாப்புப் பணிகளுக்கென்று 4.9 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 50 மெகாஹெர்ட்ஸ் அகலமான ஒரு பெரிய துண்டை ஒதுக்கினார்கள். படிவத் தொல்லையைக் குறைக்க எண்ணி, ஓர் ஊரின் காவல் துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ அதன் எல்லை முழுவதற்கும் ஒரே உரிமம் கொடுத்தார்கள். பெரும்பாலான கருவிகள் எங்கே நிற்கின்றன என்று தனித்தனியாகப் பதிய வேண்டியதில்லை. கேட்க இனிமையாக இருந்தது.

விளைவு வேறு மாதிரி ஆனது. பக்கத்து ஊர்க்காரர் எந்தச் சேனலை எங்கே பயன்படுத்துகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. குறுக்கீடு வருமோ என்று பயந்து பலர் முதலீடு செய்யவில்லை. கருவி தயாரிப்பவர்களும் ஆர்வம் காட்டவில்லை. தகுதியுள்ள அமைப்புகளில் 3.5 சதவீதத்துக்கு மேல் அதைப் பயன்படுத்தவில்லை என்று 2018-இல் அங்குள்ள கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையமே கணக்குச் சொன்னது. கடைசியில் 2023-இல், உரிமம் வைத்திருப்பவர்கள் தங்கள் நிலையங்களின் விவரங்களைத் தர வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். இருபது ஆண்டுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய நாலு கேள்விகள்.

இன்னொரு பாடம் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடியது. அந்நாட்டில் காகிதச் சுமைக் குறைப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு. 1980-இல் வந்து 1995-இல் திருத்தி எழுதப்பட்டது. அதன்படி மத்திய அரசின் எந்த அலுவலகமும் பொதுமக்களுக்கு ஒரு படிவத்தை நீட்டுவதற்கு முன், அதை நிரப்ப எத்தனை நிமிடம் ஆகும், தகவல் எதற்கு என்று எழுதி வெளியிட்டு, மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். ஒப்புதல் கிடைத்தால் ஓர் எண் தருவார்கள். அந்த ஒப்புதலின் ஆயுள் அதிகபட்சம் மூன்று ஆண்டு. செல்லுபடியாகும் எண் இல்லாத படிவத்தை நிரப்பவில்லை என்பதற்காக யாரையும் தண்டிக்க முடியாது. வயர்லெஸ் உரிமப் படிவங்களுக்கும் இதே விதிதான்.

அமெரிக்காவில் இதனால் படிவங்கள் ஒழிந்துவிடவில்லை. அங்கும் மக்கள் திட்டிக்கொண்டுதான் நிரப்புகிறார்கள். ஆனால், கேட்பவர் தரப்பிலும் ஒரு கூச்சத்தை அந்தச் சட்டம் உண்டாக்கியிருக்கிறது. நம் ஊர் அலுவலகங்களில் காணக் கிடைக்காதது அந்தக் கூச்சம்தான்.

செய்யக்கூடியவை

புதிய சட்டத்தில் ஒரு நல்ல அடித்தளம் இருக்கிறது. பேரிடர் மேலாண்மை, உயிர் - உடைமைப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான அலைக்கற்றையை ஏலம் இல்லாமல் நிர்வாக முறையில் ஒதுக்கலாம் என்று அதன் முதல் அட்டவணை சொல்கிறது. காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், மீட்புப் படை எல்லாம் பேசிக்கொள்ள நாடு தழுவிய ஒரு வலைப்பின்னல் வேண்டும் என்று 2018 ஜூனிலேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. அந்தப் பெரிய திட்டம் வரும்போது வரட்டும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. விதி எழுதும் மேசையிலேயே செய்யக்கூடியவை சில உண்டு.

முதலில், உயிர்காக்கும் பணிக்கான வயர்லெஸ் விண்ணப்பங்கள் ஒவ்வொன்றிலும், நிரப்ப ஆகும் நேரத்தையும் ஒவ்வொரு கேள்வியின் காரணத்தையும் அச்சிட வேண்டும். காரணம் எழுத முடியாத கேள்வி தானாக விழுந்துவிடும். மூன்றாண்டுக்கு ஒருமுறை படிவத்தையே புதுப்பிக்கச் செய்ய வேண்டும். உரிமதாரரை மட்டும் புதுப்பிக்கச் சொல்வது என்ன நியாயம்?

ஒருமுறை கொடுத்த தகவலை மறுமுறை கேட்கக் கூடாது. நிலையம் எங்கே, அலைவரிசை எது, சக்தி எவ்வளவு, நள்ளிரவில் கூப்பிட்டால் எடுப்பவர் யார்: இந்த நான்கும் அவசியம். இவற்றைத் தளர்த்தவே கூடாது. மற்றவை அரசின் கோப்பில் ஏற்கெனவே இருப்பவை. புதுப்பிக்கும்போது 'மாற்றம் இல்லை' என்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்றிருக்க வேண்டும்.

காலக்கெடு வேண்டும். ஆனால், கெடு தாண்டினால் தானாக அனுமதி என்ற வழக்கமான சூத்திரம் இங்கே ஆபத்து. ஒரே அலைவரிசை இருவருக்குப் போய்விடலாம். அதற்குப் பதிலாக, குறிப்பிட்ட நாளுக்குள் பதில் வராவிட்டால் முன்கூட்டியே ஒதுக்கிவைத்த சில பொது அலைவரிசைகளில் ஒன்று தற்காலிகமாகக் கிடைக்கும் என்று வைக்கலாம். குறைந்த சக்திக் கருவிகளுக்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமமே தேவையில்லை என்ற விதி 2018 முதல் இருக்கிறது. அந்தச் சிறிய ஜன்னலை மீட்புப் பணிக்கென்று கொஞ்சம் அகலப்படுத்துவது புரட்சி அல்ல.

மீன்பிடிப் படகுக்கு வயர்லெஸ் உரிமம் தனி விண்ணப்பமாகவே இருக்கத் தேவையில்லை. படகைப் பதிவுசெய்யும்போதே 16-ஆம் சேனல் உள்ள, வகை ஒப்புதல் பெற்ற செட்டின் எண்ணையும் பதிந்து, ஒரே சான்றிதழாகக் கொடுத்துவிடலாம். படிவம் தமிழில் இருக்க வேண்டும். மீன்வளத் துறை அலுவலகத்திலேயே முடிய வேண்டும். கையில் உள்ள ஒப்புதல் இல்லாத செட்டை ஒப்படைக்கிறவருக்கு வழக்கு இல்லை, மாற்றுச் செட்டுக்கு மானியம் உண்டு என்று ஓராண்டு அவகாசம் அறிவிக்கலாம். பறிமுதலைவிட இது வேகமாக வேலைசெய்யும்.

ஹாம்களை அரசு இன்னும் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கிறது. 12 வயது நிரம்பிய எவரும் தேர்வெழுதி ஹாம் ஆகலாம்; 20 ஆண்டுகளுக்கோ ஆயுளுக்கோ உரிமம் வாங்கலாம். விதி தாராளமாகத்தான் இருக்கிறது. பின்னணிச் சரிபார்ப்பில்தான் மாதங்கள் கரைகின்றன என்பது அவர்களின் பழைய புலம்பல். பாஸ்போர்ட்டுக்குக் காவல் நிலையச் சரிபார்ப்பு நாள் கணக்கில் முடிகிறதென்றால் இதற்கும் முடியும்.

கடைசியாக, மாவட்ட ஆட்சியர்களுக்கு ஓர் அதிகாரம். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பேரிடர்க்கால அலைவரிசைகளை முன்பே ஒதுக்கி, செட்டுகளையும் வாங்கி ஆட்சியர் அலுவலகத்தில் வைத்துவிட வேண்டும். வெள்ளம் வந்ததும் ஒரு பக்க உத்தரவில் தன்னார்வலர்களுக்கு 15 நாள் அனுமதியோடு அவற்றைக் கொடுக்கலாம். பிறகு எண்ணி வாங்கிக்கொள்ளலாம்.

ஆண்டுதோறும் செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, ஒரு மணி நேரம் செல்போனைத் தொடாமல் வயர்லெஸ்ஸில் மட்டும் மாவட்டம் முழுவதும் பேசிப் பார்க்கும் ஒத்திகை நடக்கட்டும். அந்த ஒரு மணி நேரத்தில் எந்தத் தாலுகாவின் குரல் வரவில்லையோ, அந்தத் தாலுகாவின் கோப்பை அக்டோபர் முதல் வாரத்துக்குள் முடித்தாக வேண்டும்.